வண்டி நிறுத்த ஓர் இடம்

ஷார்ஜா
20.06.2024

மதிப்பிற்குரிய ரிஃபாய் மச்சானுக்கு, சஃபியுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் என் அக்கா ரோஷன் லாத்தாவும் மருமகள் பஹீமாவும் சுகம்தானே? பெருநாள் நல்லபடியாக முடிந்ததா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

கையில் போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் லாத்தா அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். "என்னாடா, சாப்பிட்டியா, எளைச்சிட்டியா" என்று ஆரம்பித்தால் கார் பேச்சுக்கு இடமே இல்லை. நாம் இரண்டு பேரும் ஷார்ஜாவில் ஒரே அறையில் கிடந்தபோது ஊருக்கு எழுதித் தள்ளியவர்கள்தானே? நம்மூர்ப் பையன் அஜ்மீர், வியாபாரத்துக்காக மாதம் ஒரு முறை இங்கும் அங்கும் பறக்கிறான். பதிலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் லீவில் உங்கள் வீட்டு ஷெட்டில் விட்டு வந்த எம்5 கார் பற்றித்தான் பேச்சு. நான் மாப்பிள்ளையாகப் போன ஜன்னத் வீட்டுத் தெரு குறுகல், அந்த வண்டி உள்ளே நுழையாது, அதனால்தான் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்தேன். இரண்டே நிபந்தனை. ஒன்று, தினமும் ஓட்ட வேண்டும். நிற்கிற வண்டிக்குப் பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும். இரண்டு, எப்படி ஓடுகிறது என்று மாதாமாதம் எழுத வேண்டும்.

நான் இங்கே மெர்சிடிஸ் இ63 ஓட்டுகிறேன். நீங்கள் அங்கே பி.எம்.டபிள்யூ எம்5. இரண்டும் பழசாக வாங்கியவை, இரண்டுக்கும் நாலு கதவு, வி8 என்ஜின், அறுநூறு குதிரைத்திறன். பந்தயத்துக்கு எது நல்லது என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். மீன் வாங்க, வேலைக்குப் போக, தினசரி ஓட்டத்துக்கு எது நல்லது? நாம் பார்த்துவிடுவோம். அடுத்த மார்ச்சில் ஊரோடு வந்துவிடுகிறேன். இ63-ஐக் கொண்டுவர முடியாது, இடதுபக்க ஸ்டியரிங். அது தோற்றால் எனக்கு நிம்மதி. ஜெயித்தால் வயிற்றெரிச்சல்.

லாத்தாவுக்கு ஸலாம் சொல்லுங்கள். துஆவுடன்,
சஃபி


காரைக்கால்
05.07.2024

அன்பு மச்சான் சஃபிக்கு, ரிஃபாய். வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ் கிருபையால் எல்லோரும் சுகம். முழங்கால் சுகமில்லை, அதற்குக் காரணமே உன் வண்டிதான். அதில் ஏறுவது ஏறுவது இல்லை, இறங்குவது. உன் லாத்தா முதல் நாள் உட்கார்ந்துவிட்டு, "இவ்ளோ வெல குடுத்து யாராவது பள்ளத்துல உக்காருவாங்களா?" என்றாள். அதற்குப் பிறகு ஆட்டோவில்தான் போகிறாள்.

நீ கேட்டதால் சொல்கிறேன். வீட்டிலிருந்து என் டைல்ஸ் கடை ஒன்றரை கிலோமீட்டர். அதற்குள் ஏழு வேகத்தடை. ஏழிலும் வயிறு உரசுகிறது. ஒவ்வொரு உரசலுக்கும் என் வயிறும் உரசுகிறது. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கிறது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். நம்மூரில் பெட்ரோல் கொஞ்சம் மலிவு என்று நாகப்பட்டினத்து வண்டிகள் எல்லாம் பங்கில் வரிசையில் நிற்கும் அல்லவா, அவர்கள் என்னை மந்திரி என்று நினைத்து வழிவிடுகிறார்கள். பிறகு நான் லுங்கியோடு இறங்குவதைப் பார்த்து முகம் சுருங்குகிறார்கள்.

கிளிஞ்சல்மேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். கொடுவா வாங்கி டிக்கியில் வைத்தேன். டிக்கி நன்றாக மூடுகிறது, காற்றே போகாது. மூன்று நாள் வாசம் போகவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றை மறைத்தால் அல்லாஹ் கேட்பான். போன வெள்ளிக்கிழமை விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வாஞ்சூர் பக்கம் போனேன். சாலையில் ஈ காக்கை இல்லை. ஸ்டியரிங்கில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கிவிட்டு மிதித்தேன். முதுகு சீட்டுக்குள் போய்விட்டது. அல்லாஹு அக்பர் என்று வாய்விட்டுக் கத்தினேன். ஐம்பத்தாறு வயது, இரண்டு மாத்திரை போடுகிறவன். வெட்கமாக இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு முறை மிதித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.
ரிஃபாய்


ஷார்ஜா
30.07.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, ஸலாம். கடிதம் கிடைத்தது. வாஞ்சூர் சாலையைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். இரண்டாவது முறை மிதித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எம்5 ஒரு பாயின்ட் எடுத்துவிட்டது.

வேகத்தடையில் நேராக ஏறாதீர்கள். குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றுங்கள். என் இ63-க்குக் காற்று சஸ்பென்ஷன். பட்டனை அமுக்கினால் பாவாடையைத் தூக்கிக்கொள்கிற மாதிரி இடுப்பை உயர்த்திக்கொள்ளும். எம்5-க்கு இரும்பு ஸ்பிரிங், வளைந்து கொடுக்காது. அந்த வகையில் என் வண்டிக்கு ஒரு பாயின்ட். ஆனால் நான் வேலைக்குப் போகிற சாலையில் ஒரு வேகத்தடையும் இல்லையே! காலையில் இத்திஹாத் சாலையில் அறுநூறு குதிரையும் ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்தில் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு பழைய பிக்கப்பும் நிற்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் துபாய் போய்ச் சேருகிறோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஃபுஜைரா வரை போகிறேன். மலைக்குள் நல்ல சாலை. கடல் தெரிந்ததும் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறேன். போன வாரம் ராஸ் அல் கைமா. அதற்கு முந்தின வாரமும் எங்கேயோ. இறங்குவதற்கு ஒரு வேலையும் இல்லை. அறையில் உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. அதனால்தான் வண்டி.

வண்டி ஷெட்டில் அதே இடத்தில்தானே நிற்கிறது? மழைக்கு முன் கூரைத் தகரத்தை ஒரு முறை பாருங்கள். லாத்தாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.
சஃபி


காரைக்கால்
08.09.2024

அன்பு மச்சானுக்கு, ஸலாம். எல்லோரும் சுகம். சுகத்தோடு ஒரு நல்ல செய்தி. பஹீமாவுக்கு இடம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் இஃபாத், நாகூர். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். நிக்காஹ் பிப்ரவரி ஒன்பது, நோன்புக்கு முன்னால். போனில் உன் லாத்தா அழுதுகொண்டே சொல்லியிருப்பாள்.

இப்போது அவள் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொள்கிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். நான் உன் வாப்பா வீட்டுக்கு அப்படித்தான் வந்தேன், நீ ஜன்னத் வீட்டுக்கு அப்படித்தான் போனாய். வருகிறவனுக்கு ஓர் அறை வேண்டாமா? மாடி எடுக்கலாம் என்று கொத்தனார் சோமசேகரனைக் கூப்பிட்டேன். அவர் தேக்கு உத்திரத்தைக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல ஏத்துனா மாப்ள கீழ வந்துருவாருங்க" என்றார். ஆக மிச்சம் இருப்பது ஷெட் ஒன்றுதான். அதைத்தான் மாப்பிள்ளை அறையாகக் கட்டப் போகிறோம். டிசம்பரில் வேலை ஆரம்பம். வண்டியை அதற்குள் எடுக்க வேண்டும்.

எடுத்து எங்கே விடுவது? உன் வீடு இருக்கிறது. தெரு குறுகல் என்றாய். நான் டைல்ஸ்காரன், அளக்காமல் எதையும் நம்புவதில்லை. டேப் வைத்து அளந்தேன். தெரு மிகக் குறுகின இடத்தில் ஒன்பதடி இரண்டு அங்குலம். வண்டி இரண்டு பக்கக் கண்ணாடியோடு சேர்த்து ஏழடி. தாராளமாகப் போகும். ஜன்னத் வீட்டுக் கொல்லைக் கேட் அதைவிட அகலம். கார்க்காரன் நீ, எப்படித் தப்பாகக் கணக்குப் போட்டாய்?

இரண்டு கடிதத்திலும் ஜன்னத்தின் சுகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் போனில் பேசிக்கொள்வீர்கள், எனக்கு எதற்கு. வண்டியை அங்கே விடட்டுமா? சீக்கிரம் பதில் போடு.

வண்டி நன்றாக ஓடுகிறது. குறுக்காக ஏற்றினால் உரசவில்லை.
ரிஃபாய்


ஷார்ஜா
29.09.2024

மச்சானுக்கு, ஸலாம். பஹீமா கல்யாணச் செய்தி கேட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். அல்ஹம்துலில்லாஹ்.

வண்டியை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம். அகலம் போதும், திருப்பம் போதாது. மூலையில் மின்கம்பம் இருக்கிறது. கோட்டுச்சேரி பக்கம் ஏதாவது ஷெட் வாடகைக்குக் கிடைக்குமா பாருங்கள். நெடுங்காட்டில் நெல் குடோன் இருந்தாலும் சரி. தார்ப்பாய் போட்டு வெளியில் விட்டாலும் சரி. அங்கே மட்டும் வேண்டாம். அஜ்மீர் டிக்கெட் தள்ளிப்போகிறது என்கிறான், இந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று துஆ செய்கிறேன்.
சஃபி


காரைக்கால்
07.10.2024

சஃபிக்கு, ஸலாம்.

உன் பதிலைக் காணோம். அஜ்மீர் இன்னும் வரவில்லை. நான் காத்திருக்கத் தெரியாதவன். நேற்று சாயங்காலம் அஸருக்குப் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஜன்னத் வீட்டுக்குப் போனேன். புருஷனின் பொருள் பெண்சாதி வீட்டில் நிற்பதுதான் முறை என்ற நினைப்பு எனக்கு. அதில் தப்பு இருக்கிறதா? நீயே சொல்.

தெருப் பிள்ளைகள் சைக்கிள்களை எல்லாம் எடுத்து வழி செய்தார்கள். மின்கம்பத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் திருப்பினேன். நீ பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாய். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். ஜன்னத்துல் பிர்தௌஸ் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கூடப்பிறந்த அண்ணனைப் போல வரவேற்றாள்.

"வாங்க நானா. லாத்தா சுகமா? பஹீமாவுக்கு முடிஞ்சிருச்சாமே, கேள்விப்பட்டேன்."

டீ கொடுத்தாள். பிஸ்கட் வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். "கல்யாண வேல தங்கச்சி. சஃபி வர்ற வரைக்கும் வண்டி கொல்லையில நிக்கட்டும். அவன் வீடுதானே இது."

அவள் என் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஒங்ககிட்ட சொல்லலையா நானா?"

"என்னா சொல்லல?"

"ஏப்ரல்லயே பேசி முடிச்சாச்சு. அவங்களும் சரின்னுட்டாங்க. ஜமாஅத்துக்கு எழுதிக் குடுக்கறது மட்டும் பாக்கி. இனிமே இந்த வீட்டுக்கு அவங்க வரமாட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பால்காரனிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்பது போலச் சொன்னாள். டீ ஆறிவிட்டது. அதைக் குடித்தேன்.

"அவங்க சாமானெல்லாம் மூணு பெட்டியில கட்டி வச்சிருக்கேன். யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம இருந்துச்சு. நல்ல நேரம், நீங்க வண்டியோட வந்தீங்க."

அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாங்கி வைத்தேன். இரண்டு பெட்டி டிக்கியில். மூன்றாவது அடங்கவில்லை, முன் சீட்டில் வைத்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடு என்று வண்டி கத்த ஆரம்பித்தது. நிறுத்தி உன் பெட்டிக்கு பெல்ட் போட்டேன். கண் கலங்கிவிட்டது சஃபி. வண்டியை விடப் போனவன் வண்டியையும் உன் இருபத்திரண்டு வருஷத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரே பாயில் படுத்தவர்கள் நாம். வேகத்தடையில் எப்படி ஏறுவது என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு இதை எழுத ஒரு வரி கிடைக்கவில்லையா?

உன் லாத்தாவிடம் சொல்லவில்லை. டிக்கியில் இரண்டு பெட்டி அப்படியே இருக்கிறது. மூன்றாவது கடையில், மாதிரி டைல்ஸ் பலகைக்குப் பின்னால். வண்டி மறுபடி ஷெட்டுக்கே வந்துவிட்டது. தெருவில் திருப்ப முடியவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். அதாவது உன் பொய்யையே சொன்னேன்.

எழுது.
ரிஃபாய்


காரைக்கால்
22.11.2024

சஃபிக்கு, ஸலாம். உன் செப்டம்பர் கடிதம் அக்டோபர் இருபதுக்குத்தான் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அஜ்மீர் ஒரு முறை வெறுங்கையோடு வந்துவிட்டான். "குடுக்கல மாமா, நானும் கேட்டேன்" என்கிறான். போன் அடித்தால் எடுப்பதில்லை. லாத்தாவுக்கு மட்டும் "வேல ஜாஸ்தி" என்று அனுப்புகிறாயாம்.

இங்கே அடைமழை. சோமசேகரன் செங்கல் இறக்கிவிட்டார். வண்டியை நான்கு நாளாக எடுக்கவில்லை, தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். பெட்டிகள் நனையவில்லை.

உடம்பு சுகம்தானே? அதையாவது எழுது.
ரிஃபாய்


ஷார்ஜா
14.12.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு சுகம். பயப்பட வேண்டாம். லாத்தாவுக்கும் பஹீமாவுக்கும் ஸலாம்.

உங்கள் மீது கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. நீங்கள் போனது முறைதான். நான் வெட்கத்தில் எழுதவில்லை. என் லுங்கியையும் சட்டையையும் நீங்கள் தெருவில் நின்று வாங்கி வைத்தீர்கள் என்று படித்ததும் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் சென்னையில் வண்டியை வாங்கி நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னத்தை முன் சீட்டில் உட்காரவைத்து நாகூர் வரை போய்வர வேண்டும் என்று ஆசை. அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிடுகிறேன் என்ற செய்தியையும் அப்போதுதான் சொன்னேன். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. "வருசத்துக்கு ஒரு மாசம் வர்ற விருந்தாளி நீங்க. விருந்தாளிக்குச் செய்யறதெல்லாம் நான் கொறையில்லாம செஞ்சுட்டேன். பன்னெண்டு மாசமும் ஒரே வீட்டுல இருந்தா நீங்க யாரு, நான் யாருன்னு இனிமேத்தான் பாக்கணும். எனக்கு நாப்பத்தாறு வயசாயிருச்சு. ஆரம்பத்துலேருந்து ஆரம்பிக்க முடியாதுங்க" என்றாள். பிள்ளை குட்டி இருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பாளோ என்னவோ. நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் மச்சான் தாங்க முடியவில்லை.

லீவில் மீதி இருந்த இரண்டு நாளும் கடற்கரை ஓரம் வண்டியிலேயே தூங்கினேன். மூன்றாம் நாள் உங்கள் வாசலில் வந்து நின்று, தெரு குறுகல் என்றேன். லாத்தா உடனே சோறு போட்டாள்.

தினசரி ஓட்டத்துக்கு எது நல்லது என்ற நம் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. எம்5 சீட்டு நன்றாகச் சாயும், கழுத்து வலிக்காது. இ63-இல் நான் இன்னும் தூங்கிப் பார்க்கவில்லை. அதனால் நியாயமாக ஒப்பிட முடியவில்லை.

என் விசா மார்ச் பதினைந்தோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள், பேசிப் பார்த்துவிட்டேன். இ63-ஐ ஒரு மலையாளி கேட்டிருக்கிறார். எம்5-க்கு மட்டும் ஏதாவது ஒரு கூரை பார்த்துக் கொடுங்கள். நம் ஊரில் என் பெயரில் இருப்பது அது ஒன்றுதான். நான் எப்படியும் சமாளித்துக்கொள்வேன். லாட்ஜ் இல்லாத ஊரா?
சஃபி


காரைக்கால்
02.01.2025

அன்பு மச்சானுக்கு, ஸலாம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஷெட்டில் வேலை தொடங்கிவிட்டது, வண்டி இப்போது வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. கூரை தேடி அலைந்தேன். கோட்டுச்சேரியில் ஒரு ஷெட், கதவு சிறிது. நெடுங்காட்டில் ஒரு குடோன், அறுவடை வரப் போகிறது, கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். நீ உனக்கு இடம் கேட்கவில்லை. நானும் வா என்று எழுதவில்லை. உன் கடிதத்தில் மூன்று இடத்தில் அந்த வார்த்தைக்காக நீ காத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல எனக்கு வாய் ஏது சஃபி? இது ரோஷன் வீடு. இருபத்தெட்டு வருஷமாக நானும் இங்கே மாப்பிள்ளைதான். ஆளுக்கு அறுநூறு குதிரை வைத்திருக்கிறோம். கட்டிப்போட நமக்கு ஒரு முளைக்குச்சி கிடையாது.

அடுத்தது கேள். நேற்று கல்யாண அரிசி மூட்டை வாங்கிவர உன் லாத்தா டிக்கியைத் திறக்கச் சொன்னாள். சாவி இல்லை என்றேன். "கதவத் தொட்டாத் தொறக்கும்னு நீங்கதானே பெருமை அடிச்சீங்க" என்றாள். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. தொட்டாள், திறந்தது. மேல் பெட்டியைப் பிரித்தாள், உன் கல்யாணச் சட்டை மேலாகவே இருந்தது. அவள் கையால் தைக்கக் கொடுத்த சட்டை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு உன் கடிதங்களைக் கேட்டாள். கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தாள். இதோடு அவளுடையதும் வருகிறது. நான் படிக்கவில்லை, ஒட்டித்தான் கொடுத்தாள்.
ரிஃபாய்


காரைக்கால்
02.01.2025

தம்பி சஃபிக்கு, லாத்தா எழுதுவது. ஸலாம். நான் சுகமாக இல்லை. நீயும் இருக்க மாட்டாய். அதனால் அதை விசாரிக்கப் போவதில்லை.

ஆறு மாதக் கடிதங்களையும் படித்தேன். ஸ்பிரிங், பட்டன், வேகத்தடை, லிட்டருக்கு எவ்வளவு. நடுநடுவே என் தம்பி எங்கே என்று தேடினேன். ஃபுஜைராவுக்குப் போய் இறங்காமல் திரும்பி வந்தான் என்று ஒரு வரி இருந்தது. அந்த இடத்தில் அழுதேன். உன் மச்சான் அதைப் படித்துவிட்டு என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "சஃபி நல்லா ஊர் சுத்துறான்" என்றார்.

நீ காருக்கு இடம் கேட்டாய். அவர் ஊர் ஊராகப் போய்க் காருக்கு இடம் தேடினார். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சோறு போடுவதற்கு மட்டும்தானா?

ஜன்னத்தைத் திட்டுவேன் என்று நினைக்காதே. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் அழுதோம். அவளை உன்னோடு சேர்த்துவைக்க நான் முயற்சி செய்யப் போவதில்லை. அவள் முடிவாகத்தான் இருக்கிறாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஷெட் இஃபாத்துக்கு, அதில் மாற்றம் இல்லை. கிழக்குச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் பதினெட்டடி இடம் கிடக்கிறது. சோமசேகரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூண் நட்டுத் தகரம் போட்டால் உன் கார் நிற்கும் என்கிறார். சுவர் எழுப்பிக் குளியலறையோடு கட்டினால் ஓர் ஆள் இருக்கலாம் என்கிறார். இரண்டுக்கும் இடம் கிடையாது. "எதுங்கம்மா?" என்று கேட்டார். தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீ எதிர்பார்க்கிற வார்த்தையை நான் எழுத மாட்டேன். நான் வா என்று கூப்பிட்டு நீ வந்தால் இந்த வீட்டுக்கும் விருந்தாளியாகத்தான் வருவாய். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பாய். தலையணைக்கு உறை போட வேண்டாம் என்பாய். ஒரு மாதத்தில் எனக்குத் தொந்தரவு என்று லாட்ஜுக்குப் போவாய். உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பசித்தால்கூடக் கேட்க மாட்டாய், அடுப்படியில் வந்து சும்மா நிற்பாய். நான்தான் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்படிப் பழக்கிவிட்டது என் தப்பு.

உனக்கு வேண்டும் என்றால் கேள். வாயைத் திறந்து கேள். சோமசேகரன் காத்திருக்கிறார்.
லாத்தா


ஷார்ஜா
18.01.2025

லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அஜ்மீர் கீழே டாக்சியில் உட்கார்ந்திருக்கிறான்.

சுவர் எழுப்பச் சொல். வண்டியை மச்சான் நல்ல ஆளாகப் பார்த்து விற்றுவிடட்டும்.

இத்தனை வருஷமும் எல்லோருக்கும் அனுப்பித்தான் பழக்கம். இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாகக் கேட்டிருந்தால் திட்டாதே.

எனக்கு இருக்க ஓர் இடம் வேண்டும் லாத்தா. தருவாயா?

சஃபி